மாமாவின் பல் செட்

"ஒரு கையெழுத்துக்கு என்ன அண்ணி இவ்வளவு யோசனை? சொத்தையா எழுதிக் கேக்கறோம்?"

காலை ஏழரை மணிக்கு வாசல் மணியை மூன்று தடவை அழுத்திவிட்டு உள்ளே வந்த நாத்தனாரின் முதல் வார்த்தையே இதுதான். கையில் பேனா தயாராக இருந்தது. மூடியைக்கூட வரும் வழியிலேயே கழற்றிவிட்டாள் போலிருக்கிறது.

அந்தத் தாள் இரண்டு நாட்களாகச் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. முதியோர் இல்லத்திலிருந்து வந்த தாள். மாமாவால் இனி வாய்வழியாகச் சாப்பிட முடியாது, நான்கு மாதத்தில் பதினோரு கிலோ குறைந்துவிட்டார், ஆகவே வயிற்றில் துளையிட்டுக் குழாய் பொருத்த குடும்பம் சம்மதிக்கிறது என்று அச்சடித்திருந்தார்கள். கீழே, 'பொறுப்பாளர் கையொப்பம்' என்று ஒரு கோடு. அந்தப் பொறுப்பாளர் பெற்ற மகனும் இல்லை, மகளும் இல்லை. மருமகளாகிய அவள்தான்.

அது எப்படி வந்தது என்றால், மாமாவை இல்லத்தில் சேர்த்த அன்று மகனுக்கு ஆபீஸில் தலைபோகிற வேலை. மகளுக்குத் தலைவலி. "நாளைக்கு நாலு பேர் கேட்டா என் பேர்தான் அடிபடும்" என்று மகள் போனிலேயே கழன்றுகொண்டாள். மருமகளின் பெயரை எழுதினார்கள். எழுதிய மை காய்வதற்குள் உறவு முழுக்கச் செய்தி போய்விட்டது. 'அண்ணி எங்க அப்பாவை ஹோம்ல கொண்டு தள்ளிட்டாங்க!' பதினோரு மாதமாக அவள் அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

"யோசிக்கல. மாமாவை ஒரு தடவை பாத்துட்டுப் போடறேன்" என்றாள்.

"பாத்து? உங்களைப் பாத்தாலே அப்பா மூஞ்சியைத் திருப்பிக்கறார்! அன்னிக்கு உங்க மேலேயே துப்பினாரே, மறந்துட்டீங்களா? அவர் மனசுல என்ன இருக்குன்னு அதைவிட வேற எப்படிச் சொல்லுவார்?"

அவள் மேசைமேலிருந்த தாளைத் திருப்பிவைத்தாள். அடி விழுந்த இடம் அப்படி. கணவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பேசினார். வாய்விட்டு எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் நடத்திக்கொள்ளும் மனிதர் அவர்.

"முடியாதவங்களை அரசாங்கம் அஞ்சு நிலையாப் பிரிச்சிருக்காமே. குழாய் வெச்சா கடைசி அஞ்சாம் நிலைக்குப் போயிடுவாராம். அஞ்சாம் நிலைன்னா செலவு மொத்தமும் அரசாங்கமே கொடுத்துடுமாம். நம்ம பங்குன்னு ஒண்ணும் இருக்காதுன்னு ஹோம் மேடம் சொன்னாங்க... அதுக்காகச் சொல்லல. அப்பா நல்லா இருக்கணும்னுதான்..."

'அதுக்காகச் சொல்லல' என்று ஒருவர் சொன்னால் அதற்காகத்தான் சொல்கிறார் என்று அர்த்தம். ஒரு மனிதரின் வயிற்றில் ஓட்டை போட்டால் இல்லத்துக்கு லாபம், மகனுக்கு லாபம், மகளுக்கு லாபம். நஷ்டம் அந்த வயிற்றுக்காரருக்கு மட்டும்தான். அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். மூவரும் கிளம்பினார்கள்.

மாமா தையல்காரர். நாற்பது வருடம் கோட்டு தைத்தவர். பத்து வருடங்களுக்கு முன் ஒரு பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை, சற்றே மெதுவானது, அவ்வளவுதான். அப்போது அவள் தொலைபேசி அலுவலகத்தில் மேற்பார்வையாளர் பதவிக்குக் காத்திருந்தாள். வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த யாராவது யார் என்று யாரும் கேட்கவே இல்லை. வேலையை விட்டாள்.

ஒன்பது வருடம் குளிப்பாட்டினாள், தூக்கினாள், உட்காரவைத்தாள். தினமும் மாமாவின் பல் செட்டைக் கழற்றி வாங்கிப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். மகளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "ச்சீ... என்னால முடியாதுப்பா, வாந்தி வந்துடும்" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். மகன் அந்தச் சமயம் பார்த்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். மாமாவோ கொஞ்சம் மிடுக்கானவர். பல் இல்லாத வாயை உலகத்துக்குக் காட்டமாட்டார். செட்டைக் கழற்றிக் கொடுத்ததும் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு, அது திரும்பி வரும்வரை வீடு இடிந்து விழுந்தாலும் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

சென்ற வருடம் அவளுடைய முதுகுத் தட்டு நழுவியது. இனி ஒரு குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று மாலை மாமாவே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நான் ஹோமுக்குப் போறேம்மா. உன்னை முடமாக்கிட்டு நான் என்னத்தைச் சாதிக்கப் போறேன்?" என்றார். அதை அவள் அப்படியே எல்லோரிடமும் சொன்னாள். ஒருவர்கூட நம்பவில்லை. "எங்க அப்பாவாவது, தானா அப்படிச் சொல்றதாவது!" என்று நாத்தனார் கையை உதறிவிட்டாள்.

முதல் ஏழு மாதம் மாமா நன்றாகத்தான் இருந்தார். அவள் போனால் சிரிப்பார், பேசுவார், இல்லத்துத் திரைச்சீலையின் தையல் கோணல் என்று குறை சொல்வார். பிறகு ஒரு நாள்தான் அது நடந்தது. அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மாமா அவளை உற்றுப் பார்த்தார். முகம் கோணியது. நாக்கால் நெட்டித் தள்ளி, வாயிலிருந்த அத்தனையையும், எச்சிலும் பிஸ்கட்டும் பல்லுமாக, அவள் மடியிலேயே துப்பினார். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாரும் அன்று அங்கே இருந்தாள். அவமானத்தில் மருமகள் கண்களை இறுக மூடிக்கொண்டு அழுதாள். திறந்தபோது உதவியாளர் மடியைத் துடைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தாள்.

அதற்குப் பிறகு மாமா வாயையே திறக்கவில்லை. 'என்னை இங்க தள்ளிட்டியே' என்ற கோபம் என்று எல்லோரும் சொன்னார்கள். போகப் போக அவளும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். ஊர் பேசுவதைவிட அதுதான் அவளை அரித்தது.

இல்லத்தின் கூடத்தில் நுழையும்போதே அந்த வாடை வந்து மோதும். மூத்திரத்தின் மேல் எலுமிச்சை வாசனைத் திரவத்தைத் தெளித்தால் வருமே, அந்த வாடை. காலைச் சாப்பாடு தள்ளுவண்டியில் தயாராக இருந்தது. தட்டில் மூன்று கூழ் உருண்டைகள், ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு, ஒன்று சாம்பல் நிறம். எது என்னவென்று சமைத்தவருக்கே தெரியுமோ என்னவோ!

வாசலை ஒட்டிய கட்டிலில் பிசியோதெரபி பெண் ஒரு பெரியவரின் முழங்காலில் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாவம், "என்னை நாலு அடி நடக்க வையேன்மா, வலி எனக்கு இல்லவே இல்ல" என்று கெஞ்சினார். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தபடியே, "நடக்க வைக்கறதுக்கு ஃபார்ம்ல இடம் இல்ல தாத்தா. வலிக்குத் தேய்க்கறதுக்குத்தான் இருக்கு. அதைச் செஞ்சாதான் காசு வரும்" என்றாள். வலியே இல்லாத காலில் பத்து நிமிடம் தேய்த்து, கையெழுத்திட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள். அரசாங்கம் அனுப்புகிற பணம் இப்படித்தான் களிம்பாக வழிந்துகொண்டிருந்தது.

மேலாளரை அங்கே எல்லோரும் இனிப்பு மேடம் என்பார்கள். குரல் அப்படி. இழவுச் செய்தியைக்கூட பிறந்தநாள் வாழ்த்து மாதிரி சொல்லக்கூடியவர்.

"வாங்க வாங்க! கையெழுத்து ஆச்சா? ஆம்புலன்ஸ் பதினோரு மணிக்குச் சொல்லியாச்சு. நீங்க நல்ல முடிவுதான் எடுப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

"மேடம், மாமாவால முழுங்க முடியலைன்னு யார் பாத்துச் சொன்னாங்க?" என்று அவள் கேட்டாள்.

"விழுங்கறதைப் பரிசோதிக்கற தெரபிஸ்ட் இருக்காங்க. ஒருத்தருக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அரசாங்கம் கொடுக்குது. உங்க மாமாவோட தடவை முடிஞ்சிருச்சு."

"வந்து பாத்தாங்களா?"

"போன்ல. ஃபைலை வாசிச்சுக் காட்டினோம். பேச்சு இல்ல, மெல்லறதில்ல, துப்பறார், கையைக் காத்துல ஆட்டிட்டே இருக்கார்னு எல்லாம் தெளிவா எழுதியிருக்கோம்மா."

வாசித்துக் காட்டினார்களாம்! ஒரு மனிதரின் தொண்டையைப் போனில் வாசித்துக் காட்டிவிட்டு, அவர் இனி மெல்லக் கூடாது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அவள் மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை.

மாமா கட்டிலில் சுருண்டு கிடந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டிருந்தன. இடது கையால் துண்டை வாய்மேல் அழுத்திப் பிடித்திருந்தார். அவளைக் கண்டதும் வழக்கம்போல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றாள் நாத்தனார். அந்தக் குரலில் ஒரு திருப்தி இருந்ததே, அதைச் சொல்லி மாளாது.

அவள் குனிந்தாள். "மாமா... வயித்துல குழாய் வைக்கணும்கறாங்க. வைக்கட்டுமா மாமா?"

மாமா வேகவேகமாகத் தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம்! கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. இடது கை எழும்பி, கட்டிலோரத்து அலமாரியைக் காட்டி அலைந்தது.

"அது சும்மா தானா அசையறதுதாம்மா. ஒண்ணும் அர்த்தம் இல்ல" என்றாள் தலைமை நர்ஸ், கால்மாட்டில் நின்றபடி.

"அர்த்தம் இல்லாம அழுவாங்களா?"

தலைமை நர்ஸ் அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அவள் கையில் வைத்தாள். "கைக்கடிகாரம், கண்ணாடி, பல் செட். ஆஸ்பத்திரியில தொலைஞ்சா நாங்க பொறுப்பில்ல. வாங்கிட்டோம்னு இதுலயும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

எந்தப் பொருளை வாங்கினாலும் சரிபார்ப்பது அவள் பழக்கம். கைக்கடிகாரத்தை எடுத்தாள், சரி. மூக்குக் கண்ணாடியை எடுத்தாள், சரி. பல் செட்டை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பல் செட் கட்டிய பிறகும் மாமா பழைய புத்தி போகாமல் நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பார். பல் டாக்டர் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார். மேல்வரிசை முன்பல்லில் நூல் அறுத்த தடம் சின்னப் பள்ளமாக விழுந்திருக்கும். தினமும் பிரஷ் அங்கே ஒரு தடவை மாட்டிக்கொள்ளும். ஒன்பது வருடம் அந்தப் பள்ளத்தை அவள் விரல் தொட்டிருக்கிறது. இதில் அது இல்லை. மேல்தகடு ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. ஒரு பக்கம் விளிம்பு உடைந்து கத்திபோல நீட்டிக்கொண்டிருந்தது.

"இது மாமாவோட பல் இல்ல" என்றாள்.

"என்னது?" என்றார் கணவர்.

"இது வேற யாரோடதோ பல்லுங்க! மாமாவோடது இது இல்ல!"

"ஐயோ, ச்சீ!" என்று நாத்தனார் இரண்டடி பின்னால் போனாள்.

இனிப்பு மேடம் பாகு சொட்டச் சிரித்தார். "பல் செட் எல்லாம் பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான்மா இருக்கும். நீங்க மனசு சரியில்லாம இருக்கீங்க..."

"ஒம்பது வருஷம் தேய்ச்சிருக்கேன் மேடம்! என் பல்லைவிட அதை எனக்கு நல்லாத் தெரியும்!"

அவள் குரல் அந்தக் கூடத்தில் அப்படி ஒலித்தது அதுதான் முதல் தடவை. மாமாவின் முகம் சுவர்ப்பக்கத்திலிருந்து திரும்பியது. துண்டுக்கு மேலே இரண்டு கண்களும் அகலத் திறந்து அவளையே பார்த்தன. தலை மேலும் கீழும் ஆடியது. ஆமாம், ஆமாம், ஆமாம்!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. துண்டை மெல்ல விலக்கி, "மாமா, நான்தானே... கொஞ்சம் திறங்க" என்று கெஞ்சினாள். நான்கு மாதமாக டாக்டருக்கும் நர்ஸுக்கும் திறக்காத வாய் அவளுக்குத் திறந்தது. ஈறு இரண்டு இடத்தில் பிளந்து புண்ணாகியிருந்தது. ஓரத்தில் வெள்ளையாகச் சீழ் கட்டியிருந்தது. குப்பென்று வந்த நாற்றத்தில் கணவர் கைக்குட்டையைத் தேடினார்.

"நாலு மாசமா இந்த வாய்க்குள்ள யாரும் எட்டிப் பாக்கலையா?" என்று கேட்டாள்.

"பல் டாக்டர் எங்களுக்கு வர்ற பட்டியல்லயே இல்லம்மா..." என்று ஆரம்பித்தார் மேடம்.

"டாக்டரைக் கேக்கல. கண்ணு இருக்கற யாராவது பாத்தீங்களான்னு கேட்டேன்!"

அப்போது தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்ற உதவியாளர், முட்டிவலி அக்கா என்று எல்லோராலும் அழைக்கப்படும் ஐம்பது வயதுக்காரி, வண்டியைப் பிடித்தபடியே விசும்பத் தொடங்கினாள்.

"நீ உள்ள போ" என்றார் மேடம். இந்தத் தடவை குரலில் இனிப்பு இல்லை.

"போகல மேடம். என்னால இதை மூடி மறைக்க முடியாது." முட்டிவலி அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "நிலை போடற ஆபீசர் வந்த அன்னிக்கும்மா... எல்லார் பல்லும் பளிச்சுன்னு இருக்கணும்னு காலையில உத்தரவு. இருபத்தாறு பேருக்கு நாங்க ரெண்டு பேர். ஒவ்வொண்ணாத் தேய்க்க எங்கம்மா நேரம்? எல்லாத்தையும் கழட்டி ஒரே வாளியில போட்டு மருந்து ஊத்திக் கலக்கிட்டோம். எடுக்கறப்போ... பேர் ஒண்ணும் எழுதியிருக்கல... எது எந்த வாய்ல சேர்ந்துச்சோ, மாட்டி விட்டோம்."

ஒரே வாளி! இருபத்தாறு வாய்! நாத்தனார் நிஜமாகவே ஓங்கரித்தாள். மருமகளுக்கோ வாளியைவிட அந்த உத்தரவுதான் குமட்டியது. ஆபீசர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதற்காகக் கழுவி, அந்தக் கழுவலிலேயே ஒரு மனிதரின் வாயைப் புண்ணாக்கி, அந்தப் புண்ணால் அவர் துப்பியதைக் கோபம் என்று எழுதி, அந்தக் கோபத்தைக் காட்டி நிலையை ஏற்றி, ஏறிய நிலைக்குப் பணம் வாங்கி... அந்தப் பணத்தில்தான் இப்போது வயிற்றில் ஓட்டை போட ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது!

"அப்போ எங்க மாமா பல் யார்கிட்ட இருக்கு?"

"அன்னியிலிருந்து பல்லு ஆடுதுன்னு சொல்லிட்டே இருக்கறவர் ஒருத்தர்தாம்மா" என்று முட்டிவலி அக்கா கடைசிக் கட்டிலைக் கை காட்டினாள்.

அங்கே ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் டீயும் ரஸ்க்குமாக உட்கார்ந்திருந்தார். அவள் போய் நின்று விஷயத்தைச் சொன்னதும் மனிதர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அதானே பாத்தேன்! நாலு மாசமா லொடலொடன்னு ஆடுது. கேட்டா, வயசாச்சு, ஈறு சுருங்கிப் போச்சுன்னு சொல்லி பசை போட்டு ஒட்டி விட்டாங்க." கையை வாய்க்குள் விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். வெளியே வந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மேல்வரிசை முன்பல்லில் நூல் அறுத்த தடம் பள்ளமாகத் தெரிந்தது. பல் போன வாயால் குழறினார்: "அபோ... இபோ வதைக்கும்... அழுத்தவன் பல்லாலயா நான் தின்னுட்டு இதுந்தேன்? தூ! தூ!"

துப்பிக்கொண்டே இருந்தார் மனிதர். அவரைச் சமாதானம் செய்ய முட்டிவலி அக்கா ஓடினாள்.

அவள் பல் செட்டைக் கழுவுமிடத்துக்கு எடுத்துப்போனாள். ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினாள். நான்கு மாதத்து ரஸ்க் இடுக்குகளில் கறுத்திருந்தது. பிரஷ் வாங்கித் தேய்த்தாள், மருந்தில் ஊறவைத்தாள், மறுபடி தேய்த்தாள். பிரஷ் அந்தப் பள்ளத்தில் மாட்டியதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்று மடியில் வந்து விழுந்ததே... ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் போதுமே! ஒன்பது வருடம் தேய்த்தவள் அந்த ஒரு நிமிடம் பார்க்காமல் போனாளே!

"புண்ணு ஆறட்டும் மாமா, அப்புறமா மாட்டலாம்" என்று கொண்டுவந்து காட்டினாள். மாமா கேட்டால்தானே? இடது கையால் வெடுக்கென்று பிடுங்கி, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். நாக்கால் இப்படியும் அப்படியும் தள்ளிச் சரிசெய்தார்.

"கண்ணாடி" என்றார்.

பேச்சு இல்லை என்று ஃபைலில் எழுதிய தலைமை நர்ஸ் கால்மாட்டிலேயே நின்றிருந்தாள். அவள்தான் ஓடிப்போய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து நீட்டினாள். மாமா பார்த்துக்கொண்டார், தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

"அப்பா! பேசறீங்களா அப்பா! இத்தனை நாள் ஏம்ப்பா பேசல?" நாத்தனார் கட்டிலில் விழுந்தாள்.

"பல்லு இல்லாம... எப்பவாவது நான் பேசிப் பாத்திருக்கியா?"

நாத்தனார் விழித்தாள். பார்த்திருந்தால்தானே தெரியும்! அந்தச் சமயத்திலெல்லாம் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு அறையில் அல்லவா இருந்தாள்!

மாமா ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "என்னை யாரும் தள்ளல. நானாத்தான் வந்தேன். என்னைத் தூக்கித் தூக்கித்தான் அவ முதுகு போச்சு. நான் சொன்னதைத்தான் அவ உங்ககிட்ட சொன்னா. ஏழு மாசம் பல்லோடதான் இங்க இருந்தேன். வந்து ஒரு வார்த்தை... ஏம்ப்பா வந்தீங்கன்னு ஒரு வார்த்தை... பெத்த பிள்ளைங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கேட்டீங்களா?"

கணவர் தரையைப் பார்த்தார். அந்தத் தரையில் அவருக்கு என்ன கிடைத்ததோ, வெகுநேரம் நிமிரவில்லை.

"மாமா..." அவள் கட்டிலை நெருங்கினாள். "அன்னிக்கு ஏன் மாமா என் மேல துப்பினீங்க? என்னை வெறுத்துட்டீங்கன்னுல்ல நான் தினமும்..."

"துப்பலம்மா! உனக்குக் காட்டினேன். வேற யார்கிட்ட காட்டுவேன்? உனக்கு மட்டும்தானே தெரியும். நீ கண்ணை மூடிட்டு அழுதே... சரி, இவளும் பாக்கலையேன்னு... எனக்கு விட்டுப்போச்சு."

"பாவி நான்! பாக்கலையே மாமா... பாக்காம விட்டுட்டேனே!" அவள் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். மாமாவின் இடது கை அவள் தலைமேல் வந்து தங்கியது. ஒன்பது வருட வேலையும் பதினோரு மாதப் பழியும் அந்தக் கையின் கீழ் கரைந்து ஓடுவதுபோல அழுதாள்.

இனிப்பு மேடம் இதெல்லாம் முடியட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு அவளைத் தனியே அழைத்துத் தோளில் கை வைத்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஒரே ஒரு சின்ன உதவி. அடுத்த வாரம் ஆபீசர் திரும்ப வர்றார். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்க மாமா பல்லைக் கழட்டி வெச்சுட்டுப் பேசாம இருந்தார்னா... இல்லன்னா ஒரேயடியா ரெண்டாம் நிலைக்கு இறங்கிடும். உங்க செலவும்தான் ஏறும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டாள். சாக்கடையில் கால் வைத்தவள் காலை எடுப்பதுபோல எடுத்தாள்.

"அரசாங்கம் உங்களுக்குக் காசு கொடுக்கறது என் மாமா வாய் திறக்கறதுக்கு மேடம். மூடி வைக்கறதுக்கு இல்ல. நல்லா இருந்தா காசு குறையுது, நாசமாப் போனா காசு கூடுதுன்னா, நீங்க இங்க நடத்தறது என்ன? ச்சே! பேசறதுக்கே வாய் கூசுது எனக்கு!"

பையிலிருந்து தாளை எடுத்தாள். கோட்டுக்கு மேலே இருந்த இடத்தில் 'சம்மதம் இல்லை' என்று பெரிதாக எழுதினாள். 'நான்கு மாதமாக இவர் வாயில் மாட்டியிருந்ததும் அலமாரியில் வைத்திருந்ததும் வேறொருவருடைய பல். ஈறு புண்ணாகிச் சீழ் வைத்திருக்கிறது. மற்ற இருபத்தைந்து பேரின் வாயையும் உடனே பார்க்க வேண்டும்' என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டாள். "இதை நகல் எடுத்துக் கொடுங்க. ஆபீசர் வர்ற அன்னிக்கு நானும் இங்க இருப்பேன்" என்று நீட்டினாள். மேடத்தின் முகத்தில் சிரிப்பு நின்றிருந்த இடம் இப்போது காலியாக இருந்தது.

கணவர் மெல்ல அருகில் வந்தார். குரல் உடைந்திருந்தது. "வேண்டாம்... இந்த நரகமே வேண்டாம். அப்பாவை வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம். நீதான் பாத்துப்பியே..."

"நான் பாத்துப்பேன்தான்" என்றாள் அவள். "ஆனா தூக்க என்னால முடியாதுங்க. இனிமே முடியவும் முடியாது. மாமா இங்கயே இருப்பார். பல் டாக்டரை நாம வெளியிலிருந்து கூட்டிட்டு வரணும், அது உங்க பொறுப்பு. முழுங்கறதைப் பாக்கற தெரபிஸ்ட் நேர்ல வந்து பாக்கணும், அதுக்குக் கடிதம் எழுதறது உங்க பொறுப்பு. செலவு ஏறினா ஏறட்டும். தினமும் காலையில பல் கழுவற நேரத்துக்கு நம்மள்ல ஒருத்தர் இங்க நிக்கணும். வாரத்துல மூணு நாள் நான் வருவேன். மீதி நாலு நாள் யாருன்னு அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கங்க."

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட இப்படிப் பங்கு பிரித்ததில்லை. "சரி" என்றார் கணவர்.

நாத்தனார் சுவரோரம் நின்றிருந்தாள். காலையில் வந்தபோது இருந்த மிடுக்கெல்லாம் போய்விட்டது. அண்ணியின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. முட்டிவலி அக்கா கொடுத்த டீயை மாமா சின்னச் சின்ன மடக்காகக் குடித்தார். இருமவில்லை, புரையேறவில்லை. பாதி டம்ளரை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணி காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா. எனக்குத் தெரியும். நீ கேளு."

நாத்தனார் வந்து அவள் எதிரில் நின்றாள். இத்தனை வருடத்தில் அந்த ஒரு கேள்வியை அவள் கேட்டதே இல்லை. கேட்க வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. அண்ணியின் இரண்டு கைகளையும், பசையும் ரஸ்க்குத் துணுக்கும் இன்னும் நகக்கண்ணில் ஒட்டியிருந்த அந்தக் கைகளை, பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி... சாப்பிட்டீங்களா?"

"இல்ல" என்றாள் அவள். "பசிக்குது."